தராசு யார் கையில்?

நெடுஞ்சாலையில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றாலோ, பாலத்தில் விரிசல் விழுந்தாலோ, விபத்தில் உயிர்கள் பலியானாலோ, அடுத்த நாள் செய்தியில் ஒரு சொல் தவறாமல் இடம்பெறுகிறது: அதிக பாரம். அந்தப் பாரத்தை ஏற்றிவந்தவர் என்ற முறையில் ஓட்டுநரின் பெயரும் வண்டியின் எண்ணும் உடன் வெளியாகின்றன. சரக்கை அனுப்பிய ஆலை எது, வண்டியைப் பிடித்துக் கொடுத்த தரகர் யார், அந்தச் சரக்கின் எடை எவ்வளவு என்று அவர்கள் சொன்னார்கள் என்ற கேள்விகளைக் காவல்துறையும் கேட்பதில்லை. போக்குவரத்துத் துறையும் கேட்பதில்லை. எடையைத் தீர்மானித்தவர்கள் காட்சியிலேயே இல்லை. அதைச் சுமந்தவர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்.

இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி இன்று சாலை வழியாகவே நடைபெறுகிறது. லாரி உரிமையாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஐந்துக்கும் குறைவான வண்டிகளை வைத்திருப்பவர்கள். ஒற்றை வண்டியைக் கடனில் வாங்கித் தாமே ஓட்டுபவர்களும் இவர்களுள் அடக்கம். மறுபுறம் சிமெண்ட், எஃகு, நிலக்கரி, உரம், தானியம் எனச் சரக்குக்கு உரியவர்கள் பெரும் நிறுவனங்களும் மொத்த வணிகர்களும் ஆவர். இவ்விரு தரப்புக்கும் நடுவே புக்கிங் ஆபீஸ்களும் தரகர்களும் நிற்கின்றனர். இந்த ஏற்பாட்டில் சரக்கின் எடை என்பது இயற்பியல் அளவாக மட்டும் இல்லை. வாடகை எவ்வளவு, அபராதம் யாருக்கு, பிடித்தம் எவ்வளவு என்பன அனைத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. எனவே தராசு யார் கையில் இருக்கிறது என்பது ஒரு வர்க்கக் கேள்வியாகும்.

வாய்ச்சொல்லில் நடக்கும் வணிகம்

டெல்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரிலும், நவி மும்பையின் களம்போலியிலும், பஞ்சாபின் மண்டி கோபிந்த்கரிலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு லோடு பேசப்படுகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து புறப்பட்டு வடக்கே சரக்கை இறக்கிய லாரிகளும் திரும்பும் லோடுக்காக இத்தகைய இடங்களில்தான் காத்துக் கிடக்கின்றன. காலியாகத் திரும்பினால் டீசல் செலவும் சுங்கக் கட்டணமும் கைப்பணத்தைத் தின்றுவிடும். காத்திருந்தால் ஒவ்வொரு நாளும் மாதத் தவணையைத் தின்னும். ஊர் தெரியாத, மொழி தெரியாத இடத்தில் நிற்கும் ஓட்டுநருக்குத் தரகரின் வாய்ச்சொல்லே ஒரே வழி.

"பதினாறு டன், நாளைக் காலை லோடு" என்று தொலைபேசியில் பேசி முடிகிறது பேரம். எழுத்து வடிவில் ஒன்றும் இல்லை. மறுநாள் ஆலைக்குள் வண்டி நுழைந்ததும் பாரம் ஏறத் தொடங்குகிறது. பதினாறு டன் என்று சொல்லப்பட்டது பத்தொன்பதாகிவிட்டதை வண்டியின் பட்டைகள் இறங்குவதிலிருந்தே அனுபவமுள்ள ஓட்டுநர் உணர்ந்துகொள்கிறார். அப்போது அவர் முன் இரண்டு வழிகளே உண்டு. ஏற்றியதை இறக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் இறக்குகூலி அவர் தலையில் விழும், லோடு கைநழுவும், அந்தத் தரகர் இனி அவரை அழைக்கமாட்டார். அல்லது வாயை மூடிக்கொண்டு தார்ப்பாயை இழுத்துக் கட்டலாம். மிகப் பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கின்றனர். இதை விருப்பத் தேர்வு என்று கூறுவது, பசித்தவன் குறைந்த கூலிக்கு இசைந்ததைச் சுதந்திர ஒப்பந்தம் என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

வடக்கே ‘பில்டி’ என்றும் தெற்கே ‘எல்.ஆர்.’ என்றும் வழங்கும் சரக்கு ரசீதில் எழுதப்படும் எடை, பல நேரங்களில் வண்டியின் பாசிங் அளவுக்குள் அடங்கும்படி எழுதப்படுகிறது. வண்டியில் உள்ளது ஒன்று, தாளில் உள்ளது மற்றொன்று. வழியில் சோதனை வந்தால் அனுப்பியவரிடம் சுத்தமான தாள் இருக்கிறது. தரகரிடம் தாளின் நகல் இருக்கிறது. ஓட்டுநரிடம் பாரம் இருக்கிறது.

ஏறும்போது ஒரு பொய், இறங்கும்போது மற்றொன்று

எடை மோசடி ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று. ஏற்றுமிடத்தில் எடை குறைத்துச் சொல்லப்படுகிறது. இறக்குமிடத்தில் அதே எடை வேறொரு வேடத்தில் திரும்பி வருகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். இரண்டு அச்சு கொண்ட லாரி ஒன்றின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன். காலி வண்டியின் எடை 6.5 டன் என்று கொண்டால், சட்டப்படி 12 டன் ஏற்றலாம். டன்னுக்கு 1,500 ரூபாய் வாடகை எனப் பேசப்பட்டால் நடைக்கு 18,000 ரூபாய். சொன்னது 12 டன். உண்மையில் ஏறியது 15 டன். அனுப்புபவருக்கு அந்த மூன்று டன்னுக்கான 4,500 ரூபாய் வாடகை மிச்சம். வழியில் வண்டி பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும், ஆக 26,000 ரூபாய் அபராதம். அதிகப்படிச் சரக்கை இறக்கும் செலவு தனி. மாநிலத்துக்கு மாநிலம் வசூலிக்கப்படும் சமரசத் தொகை வேறுபட்டாலும், சட்டப் புத்தகம் சொல்லும் கணக்கு இதுவே. மொத்த வாடகையைவிட அபராதம் அதிகம். அதிலிருந்து தப்ப வழிநெடுக மாமூல் கொடுத்தால் அதுவும் அதே வாடகையிலிருந்துதான் போகிறது.

பிடிபடாமல் போய்ச் சேர்ந்தாலும் கதை முடிவதில்லை. இறக்குமிடத்து எடைமேடையில் சில நூறு கிலோ குறைந்தால் அது ‘ஷார்ட்டேஜ்’ ஆகிறது. வெங்காயம் நாள் கணக்கில் பயணம் செய்தால் நீர் வற்றி எடை குறையும். ஈர நிலக்கரியும் உப்பும் கோடை வெயிலில் எடை இழக்கும். இரண்டு எடைமேடைகளுக்கு இடையிலான வேறுபாடும் இதில் சேரும். இவற்றுக்கெல்லாம் விலை போட்டுப் பாக்கி வாடகையில் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்தம் கணக்கிடப்படுவது வாடகை விகிதத்தில் அன்று, சரக்கின் சந்தை விலையில். ஏற்றும்போது ஒரு டன் கூடினால் அதற்குக் கணக்கில்லை. இறக்கும்போது ஐம்பது கிலோ குறைந்தால் அதற்குக் காசு. ஒரே சரக்கு, ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். தராசு மட்டும் இரண்டு திசையிலும் ஒரே பக்கம் சாய்கிறது.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

சட்டமே இல்லாததால் இந்நிலை ஏற்பட்டதாகக் கருத வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 113ஆம் பிரிவு எடை வரம்பை விதிக்கிறது. 114ஆம் பிரிவு வண்டியை எடைபோட அதிகாரிகளுக்கு அதிகாரம் வழங்குகிறது. எடைபோட மறுக்கும் ஓட்டுநருக்கு 2019 திருத்தத்தின்படி 40,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளருக்குத் தெரிந்தோ அவருடைய உத்தரவின்படியோதான் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றும் 113ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் சரக்கை அனுப்பியவருக்குத் தெரிந்தே நடந்தது என்ற அனுமானம் அங்கே இல்லை. 194ஆம் பிரிவில் வண்டியை ‘ஓட்டுபவர்’ மட்டுமின்றி ‘ஓட்டச் செய்பவர்’ என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கொண்டு ஆலை நிர்வாகத்தையும் தரகரையும் பொறுப்பாக்க இடமுண்டு. நெடுஞ்சாலையில் கைநீட்டும் அதிகாரிகளின் பார்வை ஓட்டுநரின் இருக்கையைத் தாண்டுவதில்லை என்பதால் அந்தச் சொல் உறங்கிக் கிடக்கிறது.

எடைபோட மறுத்தால் ஓட்டுநருக்குத் தண்டனை உண்டு. ஏற்றுமிடத்திலேயே எடைபோட்டுக் காட்டும்படி கேட்க அவருக்கு இச்சட்டம் எந்த உரிமையும் தரவில்லை. இந்த ஓரவஞ்சனையே சட்டத்தின் வர்க்கச் சார்பைப் புலப்படுத்தப் போதும்.

தரகர்களைப் பற்றியும் சட்டம் மௌனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி, லாரிகளில் செல்லும் சரக்கைச் சேகரித்து அனுப்பும் முகவர் உரிமம் பெற்றாக வேண்டும். 1865ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்துக்கு மாற்றாக வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. முகவரையும் தரகரையும் உள்ளடக்கியே ‘பொதுச் சரக்கு ஏற்றி’ என்பதற்கு அது இலக்கணம் வகுக்கிறது. பதிவு செய்யாமல் அத்தொழிலை நடத்தக் கூடாது என்கிறது. அதன் 8ஆம் பிரிவின்படி, சரக்கை அனுப்புபவர் ஒரு சரக்கு அனுப்புகைக் குறிப்பை எழுதித் தர வேண்டும். அதில் உள்ள விவரங்களின் உண்மைக்கு அவரே பொறுப்பு. விவரம் தவறாகவோ முழுமையற்றோ இருந்து அதனால் சரக்கு ஏற்றிக்கு இழப்பு நேர்ந்தால் அதை அவரே ஈடுசெய்ய வேண்டும்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் படிவத்தில் ‘சரக்கு ஏற்றி’ என்ற இடத்தில் கையெழுத்திடுவது பெரும்பாலும் புக்கிங் நிறுவனமே. வண்டியின் சொந்தக்காரர் அந்நிறுவனத்திடமிருந்து நடையை வாங்கும் உள் ஒப்பந்தக்காரராகிவிடுகிறார். ஆலைக்கும் தரகருக்கும் இடையே எழுதப்பட்ட தாள் அவர் கைக்கு வருவதே இல்லை. இழப்பீடு பெறும் உரிமை தரகரிடம்; இழப்பு லாரிக்காரரிடம். எடையைப் பொய்யாகச் சொன்னதில் தரகருக்கும் பங்கிருக்கும்போது அவர் ஆலைமீது வழக்குத் தொடுப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அரசுகளே இந்த மோசடியை வருவாயாக்கிய காலமும் உண்டு. குறிப்பிட்ட தொகையைக் கட்டிவிட்டால் அதிக பாரத்துடன் செல்லலாம் என்று பல மாநிலங்கள் ஏற்பாடு செய்திருந்தன. 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அபராதம் வசூலித்துக்கொண்டு அதிக பாரத்துடன் வண்டியைத் தொடர்ந்து செல்ல விடுவது சட்டத்துக்கு முரணானது, அதிகப்படிச் சரக்கை இறக்கியே ஆக வேண்டும் என்று கூறியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் சரக்கு எங்கே ஏற்றப்படுகிறதோ அங்கே தடுக்கும் முறை உருவாகவில்லை. ஆலை வாசலில் தடுக்க வேண்டியதை நடுவழியில் பிடிப்பது, அதிகாரிகளுக்கும் இடைத்தரகர்களுக்கும் மட்டுமே வசதியானது.

பெல்லாரி கற்பித்த பாடம்

அதிக பாரம் என்பது லாரிக்காரரின் ஒழுக்கக்கேடு என்று நினைப்பவர்கள் கர்நாடகத்தின் பெல்லாரியை நினைவுகூர வேண்டும். அங்கே நடந்த இரும்புத்தாதுக் கொள்ளை குறித்து நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையிலான லோக் ஆயுக்தா 2011இல் அளித்த அறிக்கை, லாரிகளில் வரம்புக்கு மேல் தாது ஏற்றப்பட்டதையும் விரிவாகப் பதிவுசெய்தது. அனுமதிச் சீட்டில் ஓர் அளவு, வண்டியில் அதைவிட அதிக அளவு. சீட்டுக்கு வெளியே சென்ற ஒவ்வொரு டன்னும் உரிமத்தொகையும் வரியும் செலுத்தாமல் துறைமுகம் சேர்ந்த பொதுச் சொத்தாகும். பொய்யான எடை சுரங்க முதலாளிகளின் கொள்ளைக்குக் கருவியாக இருந்தது. அந்தப் பாரத்தைச் சுமந்து உருக்குலைந்த சாலைகளில் ஓடிய ஓட்டுநர்கள் நடைக் கூலியைத் தவிர வேறு எதைக் கண்டார்கள்?

சாலைகளின் சேதமும் பொதுமக்கள் தலையில் விழுகிறது. அமெரிக்காவில் 1950களின் இறுதியில் நடத்தப்பட்ட சாலைச் சோதனைகளிலிருந்து பொறியாளர்கள் வகுத்த ஒரு பொது விதி உண்டு. சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. அச்சில் இருபது விழுக்காடு கூடுதல் எடை ஏறினால் சேதம் இரு மடங்குக்கும் அதிகமாகிறது. சரக்கு நிறுவனம் மிச்சப்படுத்தும் வாடகை, மக்களின் வரிப்பணத்தில் போடப்படும் தார்ச் சாலையிலிருந்து உரித்தெடுக்கப்படுவதே.

பேராசை யாருடையது?

"லாரிக்காரர்களே டன்னுக்கு ஆசைப்பட்டு ஏற்றுகிறார்கள், தரகரைக் குறைசொல்லி என்ன பயன்?" என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இதில் ஒரு பகுதி உண்மை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. தெரிந்தே அதிக பாரம் ஏற்றும் உரிமையாளர்கள் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் அதிகப்படி டன்னுக்கு வாடகை வாங்கிக்கொள்ளவும் செய்கின்றனர். அதில் ஓட்டுநருக்குப் பங்கு தராதவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் வாடகை நிலைக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒரு வண்டி மூன்று டன் கூடுதலாக ஏற்றினால் அதற்கு இலாபம். எல்லா வண்டிகளும் மூன்று டன் கூடுதலாக ஏற்றினால், சந்தையில் வண்டிகள் மிகுந்து டன் வாடகை சரியும். பிறகு சட்டப்படி ஏற்றுபவரால் டீசல் காசுகூட எடுக்க முடியாது. நேர்மையானவர் தொழிலைவிட்டு விரட்டப்படுகிறார். எஞ்சியவர்கள் வேறு வழியின்றி ஏற்றுகிறார்கள். முன்பு ஆசையால் ஏற்றியது இப்போது கட்டாயமாகிவிடுகிறது. ஆதாயம் முழுவதும் சரக்குக்கு உரியவரிடம் போய்ச் சேர்கிறது.

2018இல் இது நாடு தழுவிய அளவில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஒன்றிய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை அச்சின் வரம்பு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் ஏறின. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆயிற்று. டீசல் விலை, சுங்கக் கட்டணம், காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றை எதிர்த்து அதே மாதம் லாரி உரிமையாளர்கள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தனர். அவர்கள் கேட்டது செலவுக் குறைப்பு. கிடைத்தது கூடுதல் பாரம். ஒரே இரவில் நாட்டின் லாரிகள் சுமக்கும் திறன் காகிதத்தில் பெருகியது. வண்டிகளின் எண்ணிக்கைக்கும் சரக்குக்கும் இடையே ஏற்கெனவே இருந்த சமனின்மை மேலும் கூடியது. உள்கட்டுமானச் செலவைக் குறைக்கும் சீர்திருத்தம் என்று இது கொண்டாடப்பட்டது. யாருடைய செலவு குறைந்தது என்று சொல்லப்படவில்லை.

அடுத்த ஆண்டே அபராதம் பல மடங்காக்கப்பட்டது. முன்பு 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்த தொகை, 2019 செப்டம்பர் முதல் 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயுமாக உயர்ந்தது. வாடகையை நசுக்கும் கொள்கையும், நசுங்கியவரைத் தண்டிக்கும் சட்டமும் ஓராண்டு இடைவெளியில் ஒரே அரசிடமிருந்து வந்தன.

கடலில் உள்ள விதி கரையில் ஏன் இல்லை?

சரக்கின் எடைக்கு அனுப்புபவரையே பொறுப்பாக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று வணிக அமைப்புகள் கூறக்கூடும். கப்பல் போக்குவரத்து அந்த வாதத்தை ஏற்கெனவே முறியடித்துவிட்டது. 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் ‘எம்.எஸ்.சி. நெப்போலி’ என்ற கொள்கலன் கப்பல் உடைந்தது. பிறகு அதன் மேல்தளக் கொள்கலன்களை எடைபோட்டபோது, அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றின் எடை, அறிவிக்கப்பட்ட எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் மாறுபட்டிருந்தது. இத்தகைய நிகழ்வுகளின் படிப்பினையாக, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2016 ஜூலை 1 முதல், நிறைத்த கொள்கலனின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடையைச் சரக்கு அனுப்புபவர் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். அந்த எடை இல்லையேல் கொள்கலன் கப்பலில் ஏறாது. இந்தியத் துறைமுகங்களுக்கும் இது பொருந்தும்.

ஆக, ஓர் இந்திய ஏற்றுமதி நிறுவனம் அந்நியக் கப்பலுக்கு உண்மையான எடையைச் சொல்கிறது. அதே நிறுவனம் உள்நாட்டு லாரிக்காரருக்கு உண்மையான எடையைச் சொல்வதில்லை. எடைபோடும் கருவி அதன் வாசலிலேயே இருக்கிறது. இல்லாதது கட்டாயம் மட்டுமே.

சாலைப் போக்குவரத்திலும் முன்னுதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் கனரக வாகனச் சட்டம், அனுப்புபவர், ஏற்றுபவர், பயண நேரத்தை வகுப்பவர், பெறுபவர் என்று சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் பொறுப்பாளிகளாக்குகிறது. ஓட்டுநர்மீது மட்டும் பழியைச் சுமத்திவிட்டு மற்றவர்கள் நழுவ முடியாது.

இந்தியாவில் இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. 2018 ஏப்ரல் முதல், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் கடந்து செல்ல மின்வழிச் சீட்டு கட்டாயம். அதில் சரக்கின் அளவும் வண்டி எண்ணும் பதிவாகின்றன. அந்த வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பது அரசின் ‘வாகன்’ தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒரு ரூபாய் வரி தவறினால் கண்டுபிடிக்கும் அரசால், பதின்மூன்று டன் வண்டிக்குப் பதினெட்டு டன் சரக்கு ஒதுக்கப்படுவதைப் புறப்படும் முன்பே கண்டுபிடித்து நிறுத்த முடியும். வரிக்காகக் கண் திறக்கும் கணினி, உழைப்பாளிக்காக மட்டும் கண்மூடிக்கொள்கிறது.

இதற்கிடையே, தரகர்களை ஒழித்துவிடுவதாகக் கூறிக்கொண்டு கைபேசிச் செயலிகள் இத்தொழிலில் நுழைந்துள்ளன. தரகுக்கூலி வேறு கைக்கு மாறுகிறது, அவ்வளவே. அனுப்புபவர் எழுதும் எடையைச் சரிபார்க்காமல் திரையில் காட்டும் செயலி, தொலைபேசியில் பேசும் தரகரைவிட எவ்வகையிலும் மேலானதன்று.

சுரங்கத் தொழிலாளர் காட்டிய வழி

எடையைப் பற்றிய போராட்டம் தொழிலாளி வர்க்க இயக்கத்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் நிலக்கரித் தொழிலாளர்களுக்கு வெட்டியெடுத்த கரியின் அளவுக்கேற்பக் கூலி. அளப்பவர் முதலாளியின் ஆள். தொட்டிகள் பெரிதாக்கப்பட்டன, தராசு திருத்தப்பட்டது, கல் கலந்திருப்பதாகக் கூறி முழுத் தொட்டிகளும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. 1866இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சுரங்கத் தேர்வுக் குழு முன் தொழிலாளர்கள் அளித்த சாட்சியங்களை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் எடுத்தாண்டபோது, கள்ள எடையும் கள்ள அளவும் அவற்றுள் ஒரு தனித் தலைப்பாகவே இடம்பெற்றன.

தொழிலாளர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பது கவனத்துக்குரியது. நேர்மையான முதலாளிக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. தராசின் பக்கத்தில் தங்கள் ஆள் நிற்க வேண்டும் என்று கோரினர். தொழிலாளர்கள் தம் செலவிலேயே எடை சரிபார்ப்பவர் ஒருவரை நியமித்துக்கொள்ளும் உரிமையை 1860ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்தது. சுரங்க உடைமையாளர்கள் அத்தகையோரைப் பழிவாங்கினர், வேலைநீக்கம் செய்தனர். தொடர்ந்து போராடியதன் விளைவாக 1872, 1887 ஆண்டுகளின் சட்டங்களில் அவ்வுரிமை வலுப்பெற்றது. முதலாளியின் சம்பளப் பட்டியலில் இல்லாத, தொழிலாளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த மனிதர், எடை பார்ப்பதோடு நில்லாமல் சங்கத்தின் முதுகெலும்பாகவும் விளங்கினார். வேல்ஸ் நாட்டின் மார்டி சுரங்கத்தில் எடை சரிபார்ப்பவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கம்யூனிஸ்ட் ஆர்தர் ஹார்னர், பின்னாளில் பிரிட்டனின் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கப் பொதுச் செயலாளரானார். தராசைக் கண்காணிக்கும் சிறிய கோரிக்கை ஒரு பெரும் இயக்கத்தைப் பயிற்றுவித்தது.

இந்திய லாரித் தொழிலில் அத்தகைய உரிமை இன்றுவரை இல்லை. சுரங்கத் தொழிலாளர் ஒரே வாயிலில் கூடினர். ஓட்டுநர்களோ நாடு முழுதும் சிதறிக் கிடக்கின்றனர் என்ற வேறுபாடு உண்மையே. ஆனால் சிதறிக் கிடப்பவர்கள் ஒன்றுசேர முடியாது என்ற கருத்தை 2024 ஜனவரி தகர்த்தது. விபத்துக்குப் பின் தகவல் தராமல் அகலும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து ஓட்டுநர்கள் சாவியைக் கழற்றி வைத்தனர். இரண்டே நாளில் அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த எழுச்சிக்குப் பின்னால் ஒரு பிரிவின் மீதான அச்சம் மட்டும் இருக்கவில்லை. குற்றம் எங்கே பிறந்தாலும் தண்டனை ஓட்டுநரின் இருக்கையில்தான் வந்து அமர்கிறது என்ற நெடுநாள் மனக்குமுறலும் அதில் வெளிப்பட்டது.

எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

இப்பிரச்சினையில் ஓட்டுநரின் நலனும் சிறு உரிமையாளரின் நலனும் எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. வேலைநேரம், படி, வைப்புநிதி, காப்பீடு ஆகியவற்றில் ஓட்டுநருக்கு உரிமையாளருடன் தீர்க்க வேண்டிய கணக்கு இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 எட்டு மணி நேர வேலை என்று விதித்தபோதே, ஐந்துக்கும் குறைவான தொழிலாளர் கொண்ட நிறுவனங்களை வெளியே விட்டது. லாரித் தொழிலின் பெரும்பகுதி அந்த விலக்கில் மறைந்துகொண்டது. அந்தச் சட்டத்தையும் விழுங்கிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நிலைமையைச் சீராக்கப் போவதில்லை. இந்த முரண்பாட்டை மறைக்காமலே, எடை விஷயத்தில் இருவரையும் ஓரணியில் நிறுத்த முடியும், நிறுத்த வேண்டும். ஏனெனில் இங்கே எதிரில் நிற்பது சரக்கு மூலதனமும் அதன் தரகு வலையும்.

முதற்கோரிக்கை, ஏற்றுமிடத்திலேயே எடை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சரக்கு அனுப்பும் ஒவ்வோர் ஆலையும், சுரங்கமும், கிடங்கும், மண்டியும், சட்ட எடையளவைத் துறையின் முத்திரை பெற்ற எடைமேடையில் வண்டியை எடைபோட்டு, எடைச்சீட்டை ஓட்டுநர் கையில் தர வேண்டும். அந்தச் சீட்டு இன்றி மின்வழிச் சீட்டு உருவாகக் கூடாது. ஏற்றும் எடையும் இறக்கும் எடையும் மாறுபட்டால் இயல்பான கழிவுக்கு வரம்பு வகுக்கப்பட வேண்டும். தன்னிச்சையான ஷார்ட்டேஜ் பிடித்தம் தண்டனைக்குரியதாக வேண்டும்.

அடுத்தது, பொறுப்பைச் சங்கிலி முழுதும் நீட்டுவது. 113, 194 ஆகிய பிரிவுகள் திருத்தப்பட்டு, அதிக பாரத்துக்கு முதற்பொறுப்பாளி சரக்கை அனுப்பியவர், அடுத்து தரகர் என்ற அனுமானம் சட்டத்தில் இடம்பெற வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு உரிமை, உண்மையில் வண்டியை ஓட்டிய உரிமையாளருக்கும் நேரடியாகக் கிடைக்க வேண்டும். உரிமமற்ற புக்கிங் ஆபீஸ்களையும் செயலிகளையும் பதிவுக்குள் கொண்டுவருவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தினாலே போதும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, மறுக்கும் உரிமை. பேசிய எடைக்கு மேல் ஏற்றினால் வண்டியை எடுக்க மறுக்கும் ஓட்டுநருக்குக் காத்திருப்புக் கூலியும் அன்றைய படியும் சட்டப்படி உறுதிசெய்யப்பட வேண்டும். மறுத்ததற்காக அவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. இதனுடன், உண்மைச் செலவை அடிப்படையாகக் கொண்ட குறைந்தபட்ச டன்-கிலோமீட்டர் வாடகையும் இணைய வேண்டும். வாடகை கட்டுப்படியாகாத இடத்தில் எந்த விதியும் நிலைக்காது.

இவை சட்டமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சரக்கு மையங்களிலும் துறைமுகங்களிலும் சுமைப்பணித் தொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு மூட்டை கூடுதலாக ஏறினாலும் முதலில் அறிபவர்கள் அவர்களே. அதிக பாரம் அவர்களுடைய முதுகையும் முறிக்கிறது. சுமைப்பணித் தொழிலாளரும் ஓட்டுநரும் சேர்ந்து ஒரு டிரான்ஸ்போர்ட் நகரில் எடைப் பதிவேட்டைத் தொடங்கினால், எந்த ஆலை எவ்வளவு பொய் சொல்கிறது, எந்தத் தரகர் எத்தனை முறை ஏமாற்றினார் என்பது மூன்றே மாதத்தில் ஆவணமாகிவிடும். தொழிலாளர் துறையின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் அந்த ஆவணம் பேசும். மாநில மொழிகள் பல பேசும் ஓட்டுநர்கள் கூடும் இடங்களில், அவரவர் மொழியில் இச்சட்டப் பிரிவுகளை எடுத்துரைக்கும் துண்டறிக்கைகள் சென்றடைய வேண்டும். திரும்பும் லோடுக்காகக் களம்போலியில் காத்துக் கிடக்கும் தமிழ் ஓட்டுநரும், லக்னோவிலிருந்து வந்து நிற்கும் இந்தி ஓட்டுநரும் ஒரே தராசால் ஏமாற்றப்படுபவர்கள் என்பதை இருவரும் உணரும்போது தரகரின் வலை தளரத் தொடங்கும்.

பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் தராசின் பக்கத்தில் தங்கள் ஆளை நிறுத்தப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இந்திய ஓட்டுநர்களின் ஆள் அந்த இடத்தில் நிற்கும் நாளை விரைவுபடுத்துவது, உழைப்போர் இயக்கத்தின் கையில் இருக்கிறது.